ஈயம் இல்லாத ஈயம்: குளிரூட்டும் பாகங்களை ரோஸ் விதிக்கு ஏற்றவையாக்கும் வழி

ஜெர்மனியில் இருக்கும் என் மச்சான் ஒருவர் நாற்பது செட் கேட்டார். வெப்பத்தை உறிஞ்சிக் காற்றில் விடும் ஓர் அலுமினிய ஹீட்சிங்க், அதன் முதுகில் 12 வோல்ட் விசிறி, முன்னால் ஒரு பெல்டியர் தகடு (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும்), எல்லாவற்றையும் இணைக்கும் சிறு மின்சுற்றுப் பலகை. யாழ்ப்பாணம் கொக்குவிலில் உள்ள எங்கள் பட்டறைக்கு அது பெரிய வேலை. விலை பேசி முடிந்த பிறகு கடைசியாக ஒரு வரி எழுதினார்: சாமான் ஈயம் இல்லாததாக இருக்க வேண்டும், ரோஸ் பத்திரமும் கூடவே வர வேண்டும். நான் வேலை பழகும் தம்பியைக் கூப்பிட்டு, ஈயம் இல்லாத ஈயம் ஒரு சுருள் வாங்கிவரச் சொன்னேன். எனக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்பதுபோல் பார்த்தான்.

அவனில் பிழை இல்லை. காரீயத்தையும் வெள்ளீயத்தையும் நாம் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பூசுவது வெள்ளீயம். குருநகரில் வலையில் கட்டும் ஈயக்குண்டு காரீயம். பட்டறையில் ‘ஈயம் பற்றவைக்கும்’ பழைய கம்பியில் இரண்டும் இருக்கின்றன. 63/37 என்று சுருளில் எழுதியிருந்தால் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். சட்டத்துக்கு ஆகாதது காரீயம். இனி இந்தக் கட்டுரையில் இரண்டையும் பெயர் பிரித்தே சொல்கிறேன்.

விதி என்ன சொல்கிறது

பூவின் பெயர்போல ஒலித்தாலும், ரோஸ் என்பது மின், இலத்திரனியல் சாதனங்களில் அபாயப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் சுருக்கப் பெயர். முதல் சட்டம் 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று நடப்பில் இருப்பது 2011/65 என்ற எண்ணுள்ள இரண்டாவது சட்டம். 2015/863 என்ற திருத்தம் அதனுடன் நான்கு பொருள்களைச் சேர்த்தது. பெரும்பாலான சாதனங்களுக்கு அவை 2019 ஜூலை 22 முதல் பொருந்தின. பிரித்தானியாவுக்குத் தனி விதி உண்டு. லண்டனுக்கு அனுப்புகிறவர்கள் பத்திரத்தில் அந்த விதியின் பெயரை எழுத வேண்டும்.

கட்டுப்படுத்தப்பட்டவை பத்து: காரீயம், இரசம், கட்மியம், ஆறு வலுவளவுக் குரோமியம், தீயைத் தடுக்கப் பிளாஸ்டிக்கில் கலக்கும் இரண்டு புரோமின் சேர்மக் குடும்பங்கள், பிளாஸ்டிக்கை மென்மையாக்கக் கலக்கும் நான்கு தாலேட்டுகள். கட்மியத்துக்கு வரம்பு 0.01 சதவீதம். மற்ற ஒவ்வொன்றுக்கும் 0.1 சதவீதம்.

எதில் 0.1 சதவீதம் என்பதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். முழு விசிறியின் எடையில் அல்ல. ஒரே சீரான ஒவ்வொரு பொருளிலும். அதாவது கழற்றியும் வெட்டியும் நொறுக்கியும் அராவியும் இதற்கு மேல் பிரிக்க முடியாத ஒவ்வொன்றிலும். ஒடியற் கூழை நினைத்துக்கொள்ளுங்கள். நண்டையும் இறாலையும் பயற்றங்காயையும் பலாக்கொட்டையையும் அகப்பையால் தனித்தனியே எடுத்துவிடலாம். எனவே ஒவ்வொன்றும் தனிப் பொருள். மீதி நிற்கும் கூழை அப்படிப் பிரிக்க முடியாது. அது ஒரு பொருள். சட்டம் பானையை நிறுப்பதில்லை.

கணக்கில் பார்ப்போம். 90 கிராம் விசிறியில் பழைய 63/37 சோல்டர், அதாவது பற்றவைக்கும் கலவை, 0.05 கிராம் இருக்கிறது. அதில் காரீயம் 0.0185 கிராம். முழு விசிறியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 0.02 சதவீதம்தான். நானும் முதலில் இப்படிக் கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் சோல்டர் தனிப் பொருள். அதில் காரீயம் 37 சதவீதம். வரம்பைப்போல 370 மடங்கு.

முதற்படி: நீங்கள் யார், விற்பது எது

வெறும் அலுமினிய ஹீட்சிங்க் மின்சாதனம் அல்ல. அதைத் தனியே விற்கும்போது சட்டம் நேரடியாக அதைத் தொடுவதில்லை. ஒரு சாதனத்துக்குள் பூட்டிய பிறகு சாதனத்தின் ஒவ்வொரு பாகமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். அதனால் அந்தச் சாதனத்தைச் செய்பவர் உங்களிடம் பத்திரம் கேட்பார். மின்சாரத்தில் ஓடும் விசிறிக் கட்டமைப்பை முடிந்த பொருளாக விற்றால், நீங்களே உற்பத்தியாளர். ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று காட்டும் சிஇ முத்திரையும், அதை எழுத்தில் உறுதிசெய்யும் இணக்க அறிவிப்பும் உங்கள் தலையில்.

உங்கள் உறவினர் தன் நிறுவனத்தின் பெயரைப் பொறித்து விற்றால் சட்டத்தின் கண்ணில் அவரே உற்பத்தியாளர். உங்கள் பெயரிலேயே இறக்கினால் அவர் இறக்குமதியாளர். இதைத் தொலைபேசியில் வாய்ப்பேச்சாக விடாமல் முதல் நாளே எழுத்தில் முடிவுசெய்யுங்கள். சொந்தத்துக்குள் செய்யும் வியாபாரத்தில் இது சங்கடமான பேச்சு. நாற்பது செட் துறைமுகத்தில் நிற்கும்போது பேசினால் இன்னும் சங்கடம்.

இரண்டாம் படி: ஒன்றைக் கழற்றி மேசையில் பரப்புங்கள்

பத்திரம் தேடுவதற்கு முன் ஒரு முழு செட்டைப் பலி கொடுங்கள். வெள்ளைக் கடதாசி விரித்து, கழற்றியதையெல்லாம் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். சட்டகப் பிளாஸ்டிக், இறக்கை, காந்த வளையம், செப்புச் சுருள், இரும்புத் தகடுகள், தண்டு, தாங்கி, உள்ளே இருக்கும் சிறு பலகை, அதிலுள்ள சோல்டர், வயரின் மேலுறை, உள்ளே இருக்கும் கம்பி, இணைப்பியின் பிளாஸ்டிக், அதன் உலோக முனை, ஒட்டிய லேபிள், திருகாணி, திருகாணியின் முலாம். சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இரண்டு பொருள்கள், ஏனென்றால் நிறமி வேறு. எங்கள் ஒரு செட்டில் மட்டும் எண் நாற்பதைத் தாண்டியது. தம்பி இரண்டாம் முறையாக என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கத் தேவையில்லை. அச்சில் இழுத்த அலுமினியமும் தூய செம்பும் பெரும்பாலும் தொல்லை தராதவை. என் அனுபவத்தில் சந்தேகப்பட வேண்டியவை இவை.

முதலாவது, பீவிசி வயரின் மேலுறை. மென்மைக்குத் தாலேட், வெப்பம் தாங்கக் காரீயச் சேர்மம், பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்குக் கட்மிய நிறமி என்று மூன்று வில்லங்கங்களும் ஒரே உறைக்குள் இருக்கலாம். கொழும்பில் நான் வாங்கிய பெயரில்லாச் சுருள் ஒன்று பரிசோதனையில் தாலேட்டில் விழுந்தது. விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வயர் என்று சொன்னார், வயர்தான் தந்தார். இப்போது உறுதிமொழியுடன் வரும் சிலிக்கோன் உறை வயரைப் பயன்படுத்துகிறேன், விலை கூட.

இரண்டாவது, திருகாணிகளும் பிடிகளும். எங்கள் உப்புக்காற்றுக்கு வெறும் இரும்பு நிற்காது என்று எல்லோரும் மஞ்சள் முலாம் திருகாணியைத் தேடுவோம். வானவில்போல மினுங்கும் அந்த மஞ்சள் பழைய முறையில் வந்ததென்றால் அதில் ஆறு வலுவளவுக் குரோமியம் உண்டு. மூன்று வலுவளவுக் குரோமியத்தால் செய்த முலாம் சட்டத்துக்கு ஏற்றது. அது பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளையாக இருக்கும், ஆனால் சாயமிட்டு மஞ்சளாகவும் வரும். ஆகவே நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிக்கு மாறிவிட்டேன். அலுமினியத்தோடு அது நேரே உரசும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அதனால் நைலோன் வளையம் ஒன்று இடையில் போடுகிறேன்.

மூன்றாவது, பித்தளையும் வெண்கலமும். கடைசலுக்கு இலகுவாக இருக்கக் காரீயம் கலப்பது வழக்கம். செப்புக் கலவைகளுக்கு 4 சதவீதம் வரை, இயந்திர வேலைக்கான உருக்குக்கு 0.35 வரை, அலுமினியக் கலவைக்கு 0.4 வரை என்று சட்டத்தின் மூன்றாம் இணைப்பில் விலக்குகள் இருக்கின்றன. இவை காலவரை உள்ளவை. நீளும், சுருங்கும், உட்பிரிவாக உடையும். பழைய பட்டியலை அச்சடித்து ஒட்டிவைக்காமல், பத்திரம் எழுதும் அன்றைக்கு நடப்பில் உள்ள இணைப்பைப் பாருங்கள். பழைய பிஸ்டனும் பாத்திரமும் உருக்கி உள்ளூரில் வார்த்த அலுமினியத்தை, பரிசோதிக்காமல் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். எதை உருக்கினார்கள் என்பது உருக்கியவருக்கே நினைவிருக்காது.

கறுப்புப் பிளாஸ்டிக்கும் சந்தேகப் பட்டியலில் உண்டு. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் புரோமின் சேர்மங்கள் ஒளிந்து வருகின்றன.

வெப்பப் பசையும் சிலிக்கோன் தகடும் உறுதிமொழியோடு கிடைக்கின்றன, அதோடு விடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய வானொலிக் கருவிகளிலிருந்து கழற்றிய வெள்ளைப் பீங்கான் தகடுகளை அராவாதீர்கள். சில பெரிலியம் ஒட்சைட்டாக இருக்கலாம். ரோஸ் பட்டியலில் அது இல்லை, ஆனால் அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

மூன்றாம் படி: விற்பவரிடம் என்ன கேட்பது

‘ரோஸ்’ என்று பச்சை இலை போட்ட ஒட்டுத்தாள் பத்திரம் ஆகாது. அதற்குச் சட்டத்தில் ஓர் இடமும் இல்லை. கேட்க வேண்டியது, நீங்கள் வாங்கும் அதே பாக எண்ணைக் குறிப்பிட்டு, உற்பத்தியாளர் தலைப்புத்தாளில் கையெழுத்திட்ட உறுதிமொழி. அதில் 2015/863 என்ற எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆறு பொருள்களை மட்டும் சொல்லும் பத்திரம் தாலேட்டுகளுக்கு முந்தைய காலத்தது. விலக்கு எதையாவது பயன்படுத்தியிருந்தால் அதன் இலக்கமும் இருக்க வேண்டும்.

பரிசோதனை அறிக்கை தந்தால் திகதியையும் மாதிரியின் படத்தையும் பாருங்கள். நல்ல அறிக்கையில் ‘கறுப்புப் பிளாஸ்டிக்’, ‘வெள்ளி நிற உலோகம்’ என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி இருக்கும். முழு விசிறியை அரைத்து ஒரே எண் தந்திருந்தால் அது கூழைப் பானையோடு எடைபோட்ட கதை. படத்தில் வேறு விசிறி இருந்த அறிக்கையும் எனக்கு ஒருமுறை வந்திருக்கிறது.

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தளர்வாகக் கிடைக்கும் பாகங்களுக்கு இந்தப் பத்திரம் கிடைக்காது. உள்ளூர் வேலைக்கு அவற்றை வாங்கலாம், ஏற்றுமதிப் பெட்டிக்குள் போடக்கூடாது. பழைய கணினியிலிருந்து கழற்றிய ஹீட்சிங்கும் விசிறியும் அப்படியே.

நான்காம் படி: பற்றவைக்கும் மேசையை மாற்றுதல்

இதுதான் எங்கள் கையில் உள்ள வேலை. கெடுவதும் இங்கேதான்.

காரீயமற்ற சோல்டரில் பரவலாகக் கிடைப்பது எஸ்ஏசி 305: வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 சதவீதம். பழைய 63/37 கம்பி 183 பாகை செல்சியசில் உருகும். இது 217 முதல் 220 வரை போக வேண்டும். வெள்ளி இல்லாத, வெள்ளீயமும் செம்பும் மட்டும் உள்ள மலிவான வகை 227-இல் உருகும். வெப்பக் கட்டுப்பாடு இல்லாத சாதாரண அயனால் (பற்றவைக்கும் சூட்டுக்கோலால்) இதைச் செய்வது வீண் முயற்சி. மாலையில் எங்கள் பக்கம் மின்னழுத்தம் இறங்கினால் அயனும் சோர்ந்துவிடும். மின்குமிழ் மங்கும் நேரத்தில் பற்றவைத்த இணைப்புகளை மறுநாள் ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்திருக்கிறேன். வெப்பக் கட்டுப்பாட்டுடன் கூடிய நிலையம் வாங்குங்கள். முனையை 350 பாகைக்கு அருகில் வைத்துத் தொடங்குங்கள், தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். காரீயமற்ற சோல்டர் முனையின் இரும்புப் பூச்சை வேகமாகத் தின்னும்.

ஹீட்சிங்கோடு பூட்டிய பாகத்தைப் பற்றவைக்கும்போது ஹீட்சிங்க் தன் வேலையைத்தான் செய்யும்: நீங்கள் கொடுக்கும் வெப்பத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். அயனின் சூட்டைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வு அல்ல. பலகையை அடியிலிருந்து 100 பாகை அளவுக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள், அல்லது பற்றவைத்த பிறகு ஹீட்சிங்கைப் பூட்டுங்கள்.

இணைப்பின் தோற்றமும் மாறும். பழைய சோல்டர் கண்ணாடிபோல் மினுங்கும். இது சற்று மங்கலாக, மணல்பட்டதுபோல் இருக்கும். மினுக்கம் இல்லையென்று திரும்பத் திரும்பச் சூடாக்கிப் பலகையின் செப்புத்தாளை உரித்தவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருவன். பாகத்தின் உலோகக் காலைச் சுற்றிச் சோல்டர் நன்றாக நனைத்துப் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், மினுக்கத்தை விட்டுவிடுங்கள்.

இப்போது கலப்பு. பழைய அயன் முனையில் ஒட்டியிருக்கும் காரீயமே புது இணைப்பை வரம்பு தாண்டவைக்கப் போதும். முனை, துடைக்கும் பஞ்சு, உறிஞ்சும் குழல், செப்புப் பின்னல், சோல்டர் தொட்டி எல்லாம் தனி. ஏற்றுமதி மேசைக்குரியவற்றில் பச்சை நாடா சுற்றிவைத்திருக்கிறோம். பச்சை நாடா இல்லாத எதுவும் அந்த மேசைக்கு வரக்கூடாது. பழைய பலகை திருத்தும் வேலை முற்றத்துப் பக்க மேசையில்.

பெல்டியர் தகட்டில் இதற்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. பல தகடுகள் உள்ளே 138 பாகையில் உருகும் பிசுமது, வெள்ளீயக் கலவையால் பற்றவைக்கப்பட்டவை. வெப்பக் குழாயை ஹீட்சிங்கின் தகடுகளோடு ஒட்டவும் இதே கலவையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் காரீயம் கலந்தால் மூன்றும் சேர்ந்த ஒரு கலவை உண்டாகிறது. அது ஏறத்தாழ 96 பாகையிலேயே உருகும். கொதிக்கும் தண்ணீருக்கும் கீழே. வைகாசி வெயிலில் பூட்டிய பெட்டிக்குள் விசிறி நின்றுவிட்டால் தகட்டின் சூடான பக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். காரீயம் பட்ட முனையால் அந்த இணைப்பைத் தொடுகிறவர், பத்திரத்தில் மட்டுமல்ல, சாதனத்திலும் ஓட்டை போடுகிறார். தகடு எந்தச் சோல்டரால் ஆனது, எத்தனை பாகை தாங்கும் என்று தரவுத்தாளில் பார்த்த பிறகே வயரைத் தொடுங்கள்.

மிஞ்சிய காரீயக் கம்பியையும் கசடையும் என்ன செய்வது? வளவின் மூலையில் புதைக்க வேண்டாம். எங்கள் நிலம் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கிணற்றுக்கு இறங்க அதிக நாள் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை இங்கே யாருக்கும் மறக்கவில்லை. மூடியுள்ள தகரப் பேணியில் சேர்த்து, பெயர் எழுதிவைத்து, அபாயக் கழிவைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்றவரிடம் கொடுங்கள். சாப்பிடுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்வதையும் தம்பிகளிடம் மறக்க வேண்டாம். காரீயம் புகையாகப் போவதைவிட விரலிலிருந்து வாய்க்குப் போவதே அதிகம்.

ஐந்தாம் படி: பரிசோதனை

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி முதல் சல்லடை. கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரர்கள் அறிந்த, தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் கருவியும் இதே தத்துவம்தான். ஆனால் தங்கத்துக்கு அளவு திருத்திய கருவி வயரின் உறையைப் பற்றிச் சொல்வதை நம்ப முடியாது. சரியான கருவிக்கும் எல்லை உண்டு. குரோமியம் எவ்வளவு என்று சொல்லும், அது எந்த வலுவளவு என்று சொல்லாது. புரோமின் இருக்கிறது என்று சொல்லும், எந்தச் சேர்மம் என்று சொல்லாது. தாலேட் அதன் கண்ணுக்கே தெரியாது. பெல்டியர் தகட்டில் இன்னொரு சிக்கல்: பிசுமதின் கதிர்க்கோடு காரீயத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், நிறையப் பிசுமது உள்ள இடத்தில் கருவி தடுமாறலாம். அந்த எண்ணை வேதிப் பரிசோதனையால் உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

பரிசோதனை முறைகளுக்கான சர்வதேச நியமம் ஐஇசி 62321. பல பகுதிகள் உள்ளது. முலாத்தில் ஆறு வலுவளவுக் குரோமியம் பார்க்க 7-1 பகுதி, பிளாஸ்டிக்கில் தாலேட் பார்க்க 8 பகுதி. ஆய்வகத்தைத் தெரிவுசெய்யும்போது, இந்த முறைகளுக்கு, ஆய்வகங்களின் திறனை உறுதிசெய்யும் ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் சோதித்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம். பத்திரம் உறுதியாக உள்ளதை விட்டுவிட்டு, சந்தேகப் பட்டியலில் உள்ள நாலைந்தை மட்டும் அனுப்புங்கள். எங்கள் செட்டில் வயர் உறை, இணைப்பியின் முனை, வார்ப்புப் பிடி, நாங்களே பற்றவைத்த சோல்டர் ஆகிய நான்கும் போயின.

ஆறாம் படி: கோப்பு

ஐஇசி 63000 என்ற நியமம் கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது: பொருளின் விவரம், பாகப் பட்டியல், ஒவ்வொரு பாகத்துக்கும் உறுதிமொழியோ பரிசோதனை அறிக்கையோ, அவற்றை நீங்கள் எடைபோட்ட குறிப்பு. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏன் இந்தப் பத்திரத்தை நம்பினேன், ஏன் அந்த வயரைச் சோதித்தேன் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

அதன் மேல் ஒரு பக்க இணக்க அறிவிப்பு: பொருளின் பெயரும் மாதிரி எண்ணும், உற்பத்தியாளரின் பெயர், முகவரி, சட்டத்தின் எண், நியமம், இடம், திகதி, கையெழுத்து. சிஇ எழுத்துகள் 5 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் பொருளில் இருக்க வேண்டும்.

இங்கே இரசாயனப் பொருள்களுக்கான ரீச் என்ற இன்னொரு ஐரோப்பியச் சட்டம் குறுக்கே வரும். அதன் மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் காரீயம் 2018 ஜூனில் சேர்க்கப்பட்டது. உங்கள் பித்தளை முனையில் 3 சதவீதம் காரீயம் இருந்தால் ரோஸ் விலக்கின்படி அது விற்கத்தக்கது, ஆனால் 0.1 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் வாங்குபவருக்கு அதை அறிவிக்க வேண்டும். மச்சானும் அதை ஸ்கிப் என்ற ஐரோப்பியத் தரவுத்தளத்தில் பதிய வேண்டும். நான் முதல் முறை இதைச் சொல்லாமல் விட்டேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வயர் சுருள் மாறினால், விசிறியின் பாக எண்ணில் ஓர் எழுத்துக் கூடினால், அந்த வரியைத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் தொகுதி எண்ணை எழுதி, எந்தச் சுருள் எந்தப் பெட்டிக்குப் போனது என்று ஒரு கொப்பியில் பதிந்துவைத்தால், ஒரு சுருள் பிழையானாலும் நாற்பதையும் திருப்பி எடுக்க வேண்டி வராது.

கோப்பைக் கடைசிப் பொருள் விற்பனைக்குப் போன நாளிலிருந்து 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இது சின்ன வேலை அல்ல. எங்கள் முதல் கோப்பின் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. இப்போது ஒரு பிரதி தகரப் பெட்டியில், ஒன்று கணினியில், ஒன்று மச்சான் வீட்டில்.